பாட்டி வீட்டுச் செப்புக் காசுகள்: எந்தக் காலத்தவை, எப்படிக் காப்பாற்றுவது?

பொறையாறு வீடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பொறையாறில் பாட்டி இருந்த வீட்டைப் பிரித்துக் கட்டப் போகிறோம். பரணை ஒழித்தபோது மூடி இறுகிப்போன பித்தளைச் சம்புடம் ஒன்று கிடைத்தது. உள்ளே மஞ்சள் துணியில் முடிந்து வைத்த செப்புக் காசுகள். பாட்டி இவற்றைச் சாமிக் காசு என்பாராம், நவராத்திரிக்கு மட்டும் வெளியே வருமாம். அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

எனக்குத் தெரிந்த அளவில் பிரித்துப் பார்த்தேன். தடியாக இரண்டு காசு. ஒரு பக்கம் ஓர் ஆள் நிற்கிறார். குச்சிக் கை, குச்சிக் கால், ஆள் என்பதையே ஊகித்துத்தான் சொல்ல வேண்டும். மறுபக்கம் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவர் கைக்குக் கீழே ஏதோ எழுத்து. தமிழ் இல்லை. இன்னொரு காசில் கிரீடம் நன்றாகத் தெரிகிறது, அதற்குக் கீழே ஆங்கில எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பின்பக்கம் ரோமன் நான்கு, அடுத்த வரியில் கே, ஏ, எஸ்.

வேறொன்றில் ஒரு பூ, பின்பக்கம் தமிழ் எழுத்து! 'புது' வரைக்கும் தெளிவாக இருக்கிறது, மிச்சம் காசுக்கு வெளியே போய்விட்டது. அப்புறம் சின்னதாக அம்மன் உட்கார்ந்த காசு. இது மட்டும் வட்டம் ஒழுங்காக இருக்கிறது.

கடைசிக் காசுதான் கவலை. முழுக்கப் பச்சை, உருவமே தெரியவில்லை. ஒரு ஓரத்தில் வெளிர்பச்சையாகப் பொடி உதிர்கிறது, முடிந்து வைத்த துணியிலும் கறை.

இப்போது ஆளுக்கொன்று சொல்கிறார்கள். புளியும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடும் என்கிறார் அம்மா. போட்டோவைப் பார்த்த தூரத்து உறவினர் ஒருவர், இது அரிசியை இழுக்கும் காசா என்று சோதித்துப் பார்க்க ஆள் வரும், லட்சக்கணக்கில் கொடுப்பார்கள் என்கிறார். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, ஞாபகத்துக்கு இரண்டு எடுத்துப் போகிறேன் என்கிறான்.

எனக்கு விற்கும் எண்ணம் இல்லை. இவை என்னவென்று தெரிந்தால் போதும், கெடாமல் வைத்திருக்கவும் வேண்டும். படங்கள் போட்டிருக்கிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.


குடந்தைக் காசு எழுதியது:

வணக்கம்மா. அடையாளத்துக்கு அப்புறம் வருகிறேன், முதலில் ஒரு வேண்டுகோள். புளி வேண்டாம். எலுமிச்சை, சாம்பல், பாத்திரம் துலக்கும் பொடி எதுவுமே வேண்டாம்.

பழைய செம்பின் மேல் இருக்கும் பழுப்பும் கரும்பச்சையும் அழுக்கு இல்லை. செம்பின் மேல்பரப்பே நூற்றாண்டுக் கணக்கில் மாறி உண்டான படலம் அது. பல காசுகளில் எழுத்தும் உருவமும் அந்தப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கும், அடியில் உள்ள உலோகம் அரித்துப் போயிருக்கும். தேய்த்தால் படலத்தோடு எழுத்தும் போய்விடும். பளபளவென்று ஒரு செப்புத் துண்டு கையில் இருக்கும், அது யார் காசு என்று அதன் பிறகு யாராலும் சொல்ல முடியாது.

எங்கள் ஊரில் பழைய செம்பையும் பித்தளையையும் எடைக்கு வாங்கி உருக்குவது காலங்காலமாக நடப்பது. சிறுவனாக இருந்தபோது அந்த மூட்டைகளில் சொம்புக்கும் குத்துவிளக்குக்கும் நடுவே காசுகள் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். கேட்டால் கொடுப்பார்கள், கேட்காதவை உலைக்குப் போகும். அப்படி எவ்வளவோ போய்விட்டன. உங்கள் பாட்டி துணியில் முடிந்து வைத்து இவற்றைக் காப்பாற்றியிருக்கிறார். அவர் செய்தது பெரிய காரியம்.

சரி, இனி காசுகள். கையால் அடித்த காசு எப்படி உருவானது என்று தெரிந்தாலே பாதி அடையாளம் பிடிபட்டுவிடும். அடி அச்சு அசையாமல் பதிந்திருக்கும். அதன் மேல் செப்பு வில்லையை வைத்து, மேல் அச்சைக் கையில் பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடிப்பார்கள். கை கொஞ்சம் சாய்ந்தால் உருவம் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மொட்டையாகவும் விழும். அச்சைவிட வில்லை சிறியதாக இருந்தால் எழுத்தில் பாதிதான் காசில் ஏறும். உங்கள் 'புது' காசுக்கு நடந்தது இதுதான். அடியின் வேகத்தில் விளிம்பு வெடிக்கும். இரண்டாம் அடி விழுந்தால் உருவம் இரட்டையாகத் தெரியும். முன்பக்கத்துத் தலை மேலே இருக்கும்படி பிடித்துத் திருப்பினால், பின்பக்கம் ஒவ்வொரு காசிலும் ஒவ்வொரு கோணத்தில் நிற்கும். இவை குறைகள் அல்ல, கை வேலைக்குச் சாட்சிகள்.

போலியைப் பெரும்பாலும் அடிக்காமல், உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்திருப்பார்கள். விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடும், அல்லது அந்தக் கோட்டை அரத்தால் ராவிய தடம் இருக்கும். பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரியும். உருவத்தின் ஓரங்கள் பாதி கரைந்த சோப்புக்கட்டி மாதிரி மழுங்கி இருக்கும். இரண்டு காசில் ஒரே இடத்தில் ஒரே கீறல் இருந்தால் சந்தேகமே வேண்டாம். உங்கள் படங்களில் அப்படி எதுவும் எனக்குத் தென்படவில்லை. பரணில் கிடந்த முடிச்சுக்குள் போலி வர வேண்டிய காரணமும் இல்லை.

கிரீடக் காசு எனக்கு ரொம்பப் பிரியமானது. பொறையாறிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் அது பிறந்தது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனியர் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள், 1845இல் ஊரை ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அத்தனை காலமும் சந்தையில் உப்பு, மீன், வெற்றிலை வாங்கச் சில்லறை வேண்டுமே. முதலில் ஈயத்தில் அடித்தார்கள், பிறகு செம்புக்கு மாறினார்கள். எண்பது காசு ஒரு பணம் என்பது கணக்கு. உங்களுடையது நாலு காசு.

எந்த ராஜா என்பதைக் கிரீடத்துக்குக் கீழே பின்னிய எழுத்து சொல்லும். எஃப், ஆர் எழுத்தோடு ரோமன் ஆறு இருந்தால் ஆறாம் பிரெடரிக், 1808 முதல் 1839 வரை ஆண்டவர். சி எழுத்தோடு ஏழு இருந்தால் அவருக்கு முந்தைய ஏழாம் கிறிஸ்டியன். 'காஸ்' என்ற வரிக்குக் கீழே வருஷம் இருக்க வேண்டும், விளிம்பில் தேடுங்கள். கோபன்ஹேகனில் உட்கார்ந்திருந்த ராஜாவின் பெயரை நம் கடற்கரையில் ஓர் ஆள் சம்மட்டியால் அடித்து இறக்கியிருக்கிறார். எத்தனை தடவை கையில் எடுத்தாலும் எனக்கு அந்த வியப்பு குறைவதில்லை.

பூ உள்ளது பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரிக் காசு. அது லில்லி மலர், பிரெஞ்சு அரச குடும்பத்தின் சின்னம். பின்னால் 'புதுச்சேரி' என்று தமிழில் வரிவரியாக இருக்கும். 1739இல் காரைக்கால் அவர்கள் கைக்கு வந்தது, உங்கள் ஊருக்குத் தெற்கே பக்கத்திலேயே. ஆகவே இந்தக் காசு பொறையாறுச் சந்தைக்கு வந்ததில் ஆச்சரியமில்லை. 1830களில் பூவை எடுத்துவிட்டுச் சேவலைப் போட்டார்கள், எனவே உங்களுடையது அதற்கு முந்தியது.

அம்மன் காசு புதுக்கோட்டை. உட்கார்ந்திருப்பவர் திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாள், பின்னால் தெலுங்கில் 'விஜய' என்று இருக்கும். முந்தையவை கையால் அடித்தவை. வட்டமும் கனமும் சீராக இருக்கிறது என்பதால் உங்களுடையது பிற்காலத்தில் இயந்திரத்தில் அடித்தது. புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்கள் நவராத்திரியில் அரிசியோடு இந்தக் காசைத் தானம் கொடுப்பார்கள். உங்கள் வீட்டிலும் நவராத்திரிக்கு எடுத்தார்கள் என்று படித்ததும் மனசுக்கு நிறைவாக இருந்தது.

தடிக் காசு இரண்டும் ராஜராஜன் வகை. நிற்கும் உருவம், உட்கார்ந்த உருவம், இடக்கைக்குக் கீழே நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. ஆயிரம் வருஷத்துக் காசு என்றதும் லட்சம் என்று நினைக்க வேண்டாம். ஏராளமாக அடித்தார்கள், ஏராளமாகக் கிடைக்கிறது. சாதாரண நிலையில் உள்ளவை சில நூறு ரூபாய்க்கே கைமாறுகின்றன. ஆனால் இரண்டுமே ராஜராஜன்தானா என்பதை எழுத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நல்லூர்க்காரர் வந்து சொல்வார் என்று நினைக்கிறேன்.

பச்சைக் காசைத் தனியே எடுத்து வையுங்கள், மற்றவற்றோடு சேர்க்க வேண்டாம். நகைக்கடைத் தராசில் ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். படம் எடுக்கும்போது ஃபிளாஷ் போடாமல், இருட்டறையில் செல்போன் டார்ச்சை மேசையோடு ஒட்டிப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். மேடு பள்ளம் நிழலாக எழுந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகூட அப்போது தெரியும்.

அரிசி இழுக்கும் காசு என்று சொன்னவரிடம் தயவுசெய்து தள்ளியே இருங்கள். அது வெறும் மோசடி. செம்பு அரிசியை இழுக்காது. சோதனைக்குச் செலவு, விஞ்ஞானி வருகிறார், முன்பணம் கொடுங்கள் என்று உங்களிடமிருந்துதான் பணத்தைக் கறப்பார்கள். இதில் வீட்டை அடகு வைத்து இழந்தவர்கள் இருக்கிறார்கள்.


நல்லூர் வடக்கு எழுதியது:

குடந்தை ஐயா கூப்பிட்டதால் வந்தேன். தங்கச்சி, அந்த இரண்டு தடிக் காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தைப் பாருங்கோ. நாகரி வாசிக்கத் தெரிய வேண்டும் என்றில்லை. ராஜராஜன் காசில் எழுத்து மூன்று வரியாக இருக்கும்: முதல் வரி 'ஸ்ரீ', இரண்டாவது 'ராஜ', மூன்றாவதும் 'ராஜ'. அதாவது இரண்டாம் வரியும் மூன்றாம் வரியும் ஒரே மாதிரித் தெரிய வேண்டும். தெரிந்தால் ராஜராஜன். வரிகள் வேறு வேறாக இருந்தால் அது எங்கள் இலங்கைப் பக்கத்துக் காசாக இருக்கலாம்.

ராஜராஜன் காலத்தில் சோழர் படை இலங்கையின் வட பகுதியைப் பிடித்தது, பொலன்னறுவை அவர்களுக்குத் தலைநகர் ஆனது. 1070இல் முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றினான். ஆனால் காசு அப்படியே நின்றுவிட்டது. சனம் அந்த நிற்கிற உருவத்துக்கும் உட்கார்ந்திருக்கிற உருவத்துக்கும் பழகிப் போயிருந்தது, அதை மாற்றினால் சந்தையில் வாங்கமாட்டார்கள். பிறகு வந்த சிங்கள அரசர்கள் அதே கோலத்தில் தங்கள் பெயரை மட்டும் நாகரியில் போட்டு அடித்தார்கள். முதலாம் பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், சகசமல்லன், பின்னே அரசி லீலாவதி. லீலாவதி காசிலும் அதே உருவம்தான், பெயர்தான் வேறு. தன்னை வென்ற அரசனின் காசையே அச்சாக வைத்துக்கொண்டு ஒரு நாடு இருநூறு வருசம் போனது என்பதை நினைத்துப் பாருங்கோ. இந்தக் காசுகள் கடலுக்கு இரண்டு கரையிலும் கிடைக்கின்றன, உங்கள் பக்கத்துக் கரையோர ஊர்களிலும்.

எழுத்தை விட்டால் உருவத்திலும் வித்தியாசம் உண்டு. காலம் போகப் போக நிற்கிற உருவம் மனிதச் சாயலை இழந்து வெறும் கோடும் புள்ளியுமாகப் போகும். ஆனால் ராஜராஜன் காசிலேயே மோசமாக அடித்தவை இருப்பதால் உருவத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

இதே நிற்கிற உருவம் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் காசுக்கும் வந்தது. மறுபக்கம் படுத்த நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் 'சேது'. உங்கள் முடிச்சில் அது இல்லை. ஆனால் யாராவது இதை வாசித்துவிட்டுத் தங்கள் வீட்டுக் காசில் நந்தியைப் பார்த்தால், கீழே அந்த இரண்டு எழுத்து இருக்கிறதா என்று தேடட்டும். எங்கள் வளவுகளில் வாழைக்குக் குழி வெட்டும்போது வந்த காசுகளைச் சிறுவயதில் கையில் வைத்து விளையாடியிருக்கிறோம். பிறகு இடம்பெயர்ந்து போனதில் வீட்டோடு எல்லாம் போனது. இப்போது ஒரு சேதுக் காசைக் கண்டால் என்னால் சும்மா கடந்து போக முடிவதில்லை.


செம்பும் நீரும் எழுதியது:

அக்கா, உலோகப் பொருட்களைப் பாதுகாக்கும் வேலையில் இருக்கிறேன். பச்சைக் காசைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதுதான் அவசரம்.

செம்பில் வரும் பச்சை இரண்டு விதம். கரும்பச்சையாக, கெட்டியாக, நகத்தால் சுரண்டினாலும் வராமல் இருந்தால் அது நல்ல பச்சை. அது காசை மூடிக் காக்கிறது. வெளிர்பச்சையாக, மாவு மாதிரி உதிர்ந்து, பல்குத்தும் குச்சியால் தொட்டால் அடியில் குழி தெரிந்தால் அது நோய்ப் பச்சை. நீங்கள் சொல்வது இரண்டாவது வகை போலத்தான் இருக்கிறது.

காரணம் உப்பு. கடற்கரை மண்ணிலோ கடல் நீரிலோ கிடந்த செம்புக்குள் குளோரைடு இறங்கி, மேல் படலத்துக்கு அடியில் செப்புக் குளோரைடாகப் படிந்திருக்கும். காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் பட்டதும் அது வெளிர்பச்சைப் பொடியாகப் பொங்கும். அந்த வினையில் அமிலம் உண்டாகும், அமிலம் மேலும் செம்பைத் தின்னும், அந்தச் செம்பு மறுபடி குளோரைடாகும். தானாக நிற்காது. உதிரும் பொடி மற்றக் காசுகளின் மேல் விழுந்து ஈரம் பட்டால் அவையும் கெடும். அதனால்தான் குடந்தை ஐயா தனியே வைக்கச் சொன்னார்.

இப்போது அம்மாவின் கல்லுப்பை யோசித்துப் பாருங்கள். புளியின் அமிலம் படலத்தைக் கரைக்கும், உப்பு நேராகக் குளோரைடைக் கொண்டுபோய் உள்ளே வைக்கும். தேய்த்த அன்று காசு பளபளக்கும், அடுத்த மழைக்காலத்தில் பச்சைப் பொடி பூக்கும். கோயில் குத்துவிளக்குகளில் இதை நிறையப் பார்க்கிறேன். உங்கள் பகுதிப் போர் தண்ணீரும் உப்புதான், குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆகவே கழுவுவதாக இருந்தால் காய்ச்சி வடித்த நீர் மட்டும். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் அதே நீர் போதும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான். பொடியை மூங்கில் குச்சியாலும் மென்மையான பிரஷ்ஷாலும் எடுத்துவிடுங்கள், மூக்கை மூடிக்கொண்டு. ஊசி, பிளேடு வேண்டாம். கண்ணாடிக் கிண்ணத்தில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றி அதில் காசைப் போட்டு, நீரை அடிக்கடி மாற்றுங்கள். வாரக்கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும். எடுத்து ஒற்றித் துடைத்து, அசிட்டோனில் ஒரு முறை முக்கி எடுத்தால் குழிகளில் தங்கிய ஈரமும் போய்விடும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், அடுப்பங்கரையில் வைத்துச் செய்யாதீர்கள்.

வாஷிங் சோடாவும் சமையல் சோடாவும் கலந்த கரைசலில் ஊறவைக்கச் சிலர் சொல்வார்கள். குளோரைடை இழுப்பது உண்மை, ஆனால் சில காசுகளில் படலத்தின் நிறத்தையே நீலமாக மாற்றிவிடும். பென்சோட்ரையசோல் என்ற மருந்தை ஆய்வகங்களில் ஆல்கஹாலில் கரைத்துப் பயன்படுத்துகிறோம். அது செம்பின் மேல் ஒரு காப்புப் படலம் போடும், ஆனால் உடம்புக்கு ஆகாது. கையுறையும் காற்று வெளியேற்றமும் இல்லாத வீட்டில் அதைத் தொடவே கூடாது. நீரில் ஊறியும் பொடி திரும்ப வந்தால் பாதுகாப்புக் கூடம் உள்ள அருங்காட்சியகத்தை அணுகுங்கள்.

மற்றக் காசுகளுக்கு எதுவுமே செய்ய வேண்டாம். குறிப்பாக நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் தடவ வேண்டாம். எண்ணெய் சிக்குப் பிடிக்கும், அதிலுள்ள கொழுப்பு அமிலம் செம்போடு சேர்ந்து பச்சைப் பிசுக்காகும். விளக்கில் எண்ணெய் தேங்கும் இடத்தில் பார்த்திருப்பீர்கள். மண் ஒட்டியிருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபினில் ஊறவைத்துத் தளர்த்தலாம், அதற்கு அமிலம் கிடையாது.

வைப்பதற்கு: மெல்லிய பிவிசி உறைகள் கண்டிப்பாகக் கூடாது. நாளாக ஆக அவை அமிலத்தை விடும், காசில் பச்சைப் பிசின் ஒட்டும். பாலியெஸ்டர் உறை, அல்லது அமிலமில்லாத காகித உறை. ரப்பர் பேண்ட், செய்தித்தாள், மஞ்சள் துணி மூன்றும் வேண்டாம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, அது நிறம் மாறும்போது சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடுங்கள். ஒப்பு ஈரப்பதம் நாற்பது சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நோய் உறங்கிவிடும். கடற்கரை ஊரில் டப்பா இல்லாமல் அது முடியாது.


ஓய்வு வருவாய்த்துறை எழுதியது:

தம்பியின் ஆசைக்கு மட்டும் பதில். 1972ஆம் ஆண்டு தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டப்படி நூறு வருஷத்துக்குக் குறையாத காசு தொல்பொருள். தனி ஆள் அதை நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. ஞாபகார்த்தம் என்று பெட்டியில் போட்டுக்கொண்டு விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால் காசும் போகும், வழக்கும் வரும். நல்ல படமாக எடுத்து அனுப்பி வையுங்கள்.

இன்னொன்று. பரணில் இருந்த குடும்பச் சொத்து வேறு, மண்ணுக்குள் கிடைப்பது வேறு. வீட்டைப் பிரித்து அஸ்திவாரம் தோண்டும்போது காசோ பானையோ வந்தால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மேஸ்திரியிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஆட்கள் பயந்து மறைத்துவிடுவார்கள்.


பொறையாறு வீடு எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், புளிப் பேச்சை விட்டுவிட்டார். தம்பிக்கும் சொல்லிவிட்டேன், கொஞ்சம் வருத்தம், ஆனால் புரிந்துகொண்டான்.

நல்லூர் அண்ணா, டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு தடிக் காசில் நீங்கள் சொன்ன மாதிரியே கடைசி இரண்டு வரியும் ஒன்றுபோல இருக்கின்றன. எடை 4.1 கிராம். இன்னொன்றில் வரிகள் ஒத்துப்போகவில்லை, எழுத்துகள் நெருக்கமாகவும் அதிகமாகவும் இருக்கின்றன. அது 3.9. படம் போட்டிருக்கிறேன். கிரீடக் காசில் எஃப், ஆர், ஆறு. வருஷத்தில் கடைசி இரண்டு எண் மட்டும் தெரிகிறது: 24.

பச்சைக் காசிலிருந்து பொடியை மட்டும் எடுத்துவிட்டுக் காய்ச்சி வடித்த நீரில் போட்டிருக்கிறேன். பொடி போன இடத்துக்குப் பக்கத்தில் பக்க வெளிச்சத்தில் இரண்டு மீன் தெரிகிறது! நடுவில் ஒரு கோல் மாதிரி. ஓரத்தில் எழுத்து, இது தமிழ் போல இருக்கிறது. 'ணாடு' என்று படிக்கிறேன், அதற்கு முன்னால் ஒரு எழுத்து பச்சைக்குள் இருக்கிறது. ஐயா, இது என்ன?


நல்லூர் வடக்கு எழுதியது:

இரண்டாவது காசு படத்தில் முதல் வரிக்குக் கீழே 'பரா' என்று வாசிக்கிறேன். பராக்கிரமபாகு. அவன் ஆட்சி 1153 முதல் 1186 வரை. பாட்டியின் முடிச்சுக்குள் ராஜராஜனும் பராக்கிரமபாகுவும் அருகருகே கிடந்திருக்கிறார்கள்.


குடந்தைக் காசு எழுதியது:

கிரீடக் காசு 1824, ஆறாம் பிரெடரிக். அதில் சந்தேகம் இல்லை.

மீன் காசைப் பார்த்து நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன் அம்மா. இரண்டு மீனும் நடுவே செண்டு என்ற கோலும் பாண்டியர் சின்னம். 'ணாடு'வுக்கு முன்னால் மறைந்திருக்கும் எழுத்து 'சோ'வாக இருந்தால், அது 'சோணாடு கொண்டான்' காசு. சோழ நாட்டைக் கைப்பற்றியவன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவன் மாறவர்மன் சுந்தரபாண்டியன். 1216இல் பட்டத்துக்கு வந்தவன், தஞ்சையையும் உறையூரையும் எரித்ததாக அவன் புகழைச் சொல்லும் கல்வெட்டு வரிகளான மெய்க்கீர்த்தியே பேசுகிறது. பிறகு சோழனுக்கே நாட்டைத் திருப்பிக் கொடுத்ததாகவும் சொல்கிறது. கொண்டதைக் காசில் அடித்தான், அந்தக் காசு சோழநாட்டுக் கடற்கரையில் ஒரு பரணில் இருந்திருக்கிறது.

படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலக் காசுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, எகர, ஒகரத்தில் நெடிலும் குறிலும் ஒரே மாதிரி இருக்கும். 'சொணாடு' என்றுதான் கண்ணுக்குத் தெரியும். 'கொண்டான்' என்பதிலும் புள்ளியைத் தேடாதீர்கள், கொம்பும் 'ட'வும் அகப்பட்டால் போதும்.

அந்த எழுத்தைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவலில் பச்சையைச் சுரண்ட வேண்டாம். எழுத்து இருப்பதே அந்தப் பச்சையில்தான். நீரை மாற்றிக்கொண்டே இருங்கள், செம்பும் நீரும் சொன்னபடி பொடி திரும்ப வந்தால் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போங்கள். அங்கே காசுகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, பாதுகாப்புக் கூடமும் இருக்கிறது. போகும்போது தனி உறையில், கை படாமல், விளிம்பைப் பிடித்து எடுங்கள்.

மற்றவற்றை உறையில் இடும்போது ஒவ்வொரு உறை மேலும் எடை, விட்டம், என்ன காசு, எங்கே கிடைத்தது என்று எழுதுங்கள். 'பொறையாறு, பாட்டி வீட்டுப் பரண், ஒரே முடிச்சு' என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். இந்தக் காசுகள் எல்லாம் ஒன்றாக இருந்தன என்பது தனித்தனிக் காசைவிடப் பெரிய செய்தி, கலைத்துவிட்டால் அது திரும்ப வராது. பென்சிலால், காசை உள்ளே போடுவதற்கு முன்பே எழுதுங்கள். போட்ட பிறகு எழுதினால் அழுத்தம் காசின் மேல் விழும்.

மஞ்சள் துணியையும் சம்புடத்தையும் எறிய வேண்டாம், தனியாக வையுங்கள். மீன் காசின் எடையை மட்டும் இன்னும் போடவில்லை. நீரிலிருந்து எடுத்துக் காய்ந்த பிறகு நிறுத்துப் போடுங்கள்.